நான் பூட்டிய மோட்டர்

இந்தக் கதையைச் சொல்லி இன்னும் சிரித்துக்கொண்டிருப்பவர்களுக்கு முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்தச் சின்ன விமானத்தின் மூக்கில் அந்தப் பெரிய மோட்டரை வைத்து, நான்கு திருகாணிகளையும் ஒவ்வொன்றாக முடுக்கியவன் நான். கடைசித் திருகாணி பிடிக்காமல் வழுக்கியது. ஒரு சொட்டுப் பிசின் விட்டு அதையும் இறுக்கினேன். ஆனால் திருகோணமலைத் துறைமுகப் பக்கம் எந்தத் தேநீர்க் கடையில் போய்க் கேட்டாலும், பேராசையில் பெரிய மோட்டர் போட்டுத் தன் விமானத்தைத் தானே முறித்துக்கொண்டவர் என்று வேறொரு மனிதரைத்தான் காட்டுவார்கள். நாலு வருடமாக இந்த அநியாயம் நடக்கிறது. கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அவரை நாங்கள் எல்லோரும், முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுவதுபோல, நானா என்றுதான் கூப்பிடுவோம். துறைமுகத்துக்குப் போகும் வீதியில், மீன்பிடிப் படகு என்ஜின்கள் விற்றுத் திருத்தும் கடையில் அவர் தலைமை மெக்கானிக். நானும் அங்கே மெக்கானிக்தான், அவரை விட ஐந்தாறு வயது குறைவு. கிண்ணியாவிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். வெற்றிலை இல்லை, சிகரெட் இல்லை, வீண் கதை இல்லை. அவருக்கிருந்த ஒரே கிறுக்கு, கையில் ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு தூரத்திலிருந்தே ஓட்டுகிற மின்சார மாதிரி விமானம். மீன் அடைக்கும், பாரமே இல்லாத வெள்ளை ரெஜிபோம் பெட்டிகளை வாங்கி, கழுவி, வெயிலில் காயவைத்து, சூடான கம்பியால் அறுத்து இறக்கை செய்வார். எவ்வளவு கழுவினாலும் அதில் லேசாகச் சூடை மீன் வாடை வீசும். பூனைகள் சுற்றிச் சுற்றி வரும். "மோட்டர விட எனக்குப் பூனைக்குத்தான் பயம்" என்பார்.

இது கடற்படை முகாம் இருக்கும் ஊர். ஆகாயத்தில் ஏதும் பறந்தால் கீழே நாலு பேர் கேள்வி கேட்பார்கள். அதனால் நானா பொலிஸ் நிலையத்துக்கும் மாவட்டக் காரியாலயமான கச்சேரிக்கும் மாதக்கணக்கில் நடந்து ஒரு கடிதம் வாங்கி வைத்திருந்தார். பாலையூற்றுப் பக்கம் உள்ள வெளியில் மட்டும், ஞாயிறு காலையில் மட்டும், அவர் பொறுப்பில் மட்டும் பறக்கவிடலாம் என்று அதில் இருந்தது. லேமினேட் செய்து அடையாள அட்டையோடு சேர்த்துச் சட்டைப் பையில் வைத்திருப்பார். ஒரு தடவைகூட அந்த வெளியைத் தாண்டி விமானத்தை விட்டதில்லை. துறைமுகப் பக்கம் காற்று இழுத்தால் உடனே இறக்கிவிடுவார். ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் கூடப் போவேன். இரண்டு மூன்று தடவை அந்தப் பெட்டியை என் கையிலும் தந்திருக்கிறார். அவர் பக்கத்தில் நின்றதால் அது விழவில்லை. எனக்கும் பறக்கவிடத் தெரியும் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

எங்கள் முதலாளி பக்கத்திலேயே ஒரு பெரிய புதுக் கடை கட்டினார். திறப்பு விழாவுக்கு, கடையின் பெயர் எழுதிய நீளத் துணியை நானாவின் விமானம் இழுத்துக்கொண்டு பறக்க வேண்டும் என்று அவருக்கு ஓர் ஆசை. நானா காட்டிய விமானம் அவருக்குப் பிடிக்கவில்லை. நாற்பது குதிரை வலு என்ஜின் விற்கிற கடையின் விமானம் தும்பி மாதிரிப் பறந்தால் மானம் போய்விடும் என்றார். கொழும்பில் சொல்லி, பழைய மோட்டரைப் போல மூன்று மடங்கு வலுவுள்ள ஒன்றை எடுப்பித்தார். அதோடு பெரிய காற்றாடி, கனத்த பற்றரி. எல்லாம் பளபளவென்று மேசைக்கு வந்தன.

நானா அதைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, முதலாளியின் முகத்துக்கு நேரே சொன்னார்:

"இது இழுக்கும் முதலாளி. செட்டை தாங்க வேணுமே. ரெண்டு கிழமை தாங்க, உள்ளுக்குப் புதுக் கம்பி வெச்சுத் தாறன். அதுவும் பாலையூத்திலதான். கடைக்கு முன்னால ஏலா, கடிதத்தில இல்ல."

முதலாளி ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. நானா அளவெடுப்பதற்காக விமானத்தைக் கடையிலேயே வைத்துவிட்டு, தங்கை மகளின் கல்யாணத்துக்குக் கந்தளாய்க்குப் போனார். போகும்போது, தான் வரும்வரை அதைத் தொட வேண்டாம் என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனார். அது வெள்ளிக்கிழமை. திறப்பு விழா ஞாயிற்றுக்கிழமை. நானா கேட்ட இரண்டு வாரத்துக்காக முதலாளி நாளைத் தள்ளிவைக்கவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் முதலாளி என் மேசைக்கு வந்தார். உனக்கும் இந்த வேலை தெரியும்தானே, நீ பூட்டு, நானாவோடு நான் கதைக்கிறேன் என்றார். அவர் கதைக்கவில்லை. என் சட்டைப் பையிலும் போன் இருந்தது, நானும் எடுக்கவில்லை. உனக்கும் தெரியும்தானே என்ற சொல்லிலேயே நான் குளிர்ந்துபோனேன்.

நாங்கள் என்ஜின் மாற்றுகிற ஆட்கள். புல்மோட்டையிலிருந்து படகுக்காரர் வருவார்கள், பதினைந்து குதிரையைக் கழற்றிவிட்டு நாற்பதைப் பூட்டச் சொல்வார்கள். பூட்டிக் கொடுப்போம். பின்பக்கம் பாரம் கூடி முன்பக்கம் எழும்பினால், முன்னுக்கு ஒரு மண்மூட்டை போடச் சொல்வோம். படகைக் கடல் தாங்குகிறது, அதனால் இதெல்லாம் செல்லும். அந்தப் புத்தியோடுதான் நான் விமானத்திலும் கை வைத்தேன். பெரிய மோட்டரைப் பூட்டியதும் மூக்குத் தாழ்ந்தது. பற்றரியைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளியிருந்தால் போதும். நானோ இரும்பு நட்டுகள் நாலைந்தைச் சேர்த்து வாலில் கட்டினேன். மண்மூட்டை போட்டாயிற்று என்று எனக்குத் திருப்தி. அந்தப் பாரம் முழுவதையும் ஆகாயத்தில் தாங்கப்போவது நடுவில் ஒட்டுப்போட்ட ஒரு மீன் பெட்டிப் பலகை என்பது என் மண்டையில் ஏறவேயில்லை.

ஞாயிறு காலை புதுக் கடைக்கு முன்னால் பந்தல், கதிரைகள், நாதஸ்வரம், ஊர்ப் பிரமுகர்கள். விமானம் துணியையும் இழுத்துக்கொண்டு எழும்பியது. மோட்டர் போட்ட சத்தத்தில் நாதஸ்வரமே கேட்கவில்லை. சனம் கைதட்டியது. முதலாளி இன்னும் வேகம், இன்னும் வேகம் என்று கையைக் காட்டினார். நான் முழு வேகம் கொடுத்துத் திருப்பினேன். இரண்டு இறக்கைகளும் நடுவில் மடிந்து, கும்பிடுகிற கை மாதிரி மேலே சேர்ந்தன. மிச்சம் கல்லாக வந்து பந்தலைக் கிழித்துக்கொண்டு விழுந்தது. முன்வரிசையில் இருந்த மீன் முதலாளி ஒருவரின் தோளைக் காற்றாடி வெட்டியது. ஆறு தையல். கழுத்தில் பட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நினைக்க எனக்கு இன்றைக்கும் ஏலாது.

பொலிஸார் வந்தார்கள். முதலாளி ஒரு நிமிடம்கூடத் தடுமாறவில்லை. விமானம் எங்கள் தலைமை மெக்கானிக்குடையது, பெரிய மோட்டர் போட்டதும் அவர்தான், எல்லாம் சரி, பறக்கவிடலாம் என்று சொல்லித் தந்துவிட்டுக் கல்யாணத்துக்குப் போய்விட்டார் என்றார். எழுதிக்கொண்டிருந்தவர் என் பக்கம் திரும்பி, அப்படியா என்று கேட்டார். என் பெருவிரலில் அந்தப் பிசின் இன்னும் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது.

ஓம் என்றேன்.

கந்தளாயில் கல்யாணச் சாப்பாட்டில் இருந்த மனிதரைத் தொலைபேசியில் கூப்பிட்டு வரவழைத்தார்கள். நான் சொன்னதை அவருக்கு வாசித்துக் காட்டினார்களாம். தான் பூட்டவில்லை என்று அவர் சொல்லியிருக்கிறார். இரண்டு வாய் ஒன்றைச் சொல்லும்போது ஒரு வாய் சொல்வதை யார் எடுப்பார்கள்? கடிதத்தைப் பறித்துக்கொண்டார்கள். இனி விமானத்தில் கை வைக்கக்கூடாது என்று எழுதிக் கையெழுத்தும் வாங்கினார்கள். கடையின் பெயரைக் கெடுத்துவிட்டார் என்று முதலாளி அவரை வேலையால் நிறுத்தினார். எங்கள் கடையில் இத்தனை வருடம் அவர் திருத்திய ஒரு என்ஜின்கூடப் பழுதென்று திரும்பி வந்ததில்லை. அந்த மனிதர் கடையின் பெயரைக் கெடுத்தாராம். இப்போது கிண்ணியாவில் வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் பம்புகளைத் திருத்திக்கொண்டிருக்கிறார். அன்றிலிருந்து என்னோடு ஒரு சொல் பேசியதில்லை, ஒரு கேள்வி கேட்டதும் இல்லை. சட்டையைப் பிடித்து இரண்டு கேள்வி கேட்டிருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

முதலாளியோ இதை ஒரு பகிடிக் கதையாக்கிவிட்டார். என்ஜின் வாங்க வருகிறவர்களுக்குப் பிளேன்டீ கொடுத்து, கூடவே இந்தக் கதையையும் கொடுப்பார். நானாவின் கிண்ணியாப் பேச்சைப் பேசிக்காட்டுவார். எல்லோரும் சிரிப்பார்கள். போன மாதம் புல்மோட்டைக்காரர் சிலர் இருக்கும்போது மறுபடி தொடங்கினார். எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது, கையிலிருந்த நட்டு முடுக்கும் சாவியை மேசையில் போட்டுவிட்டு, "மோட்டரப் பூட்டினது நான். பூட்டச் சொன்னது நீங்கள்" என்றேன். சிரிப்பு நின்றது. உனக்கென்ன விசர் பிடித்துவிட்டதா என்று முதலாளி கேட்டார். நான் கையைக் கழுவிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். அதோடு வேலை முடிந்தது.

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கிண்ணியா பஸ்ஸில் ஏறினேன். நானா முற்றத்தில் ஒரு பம்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். கதிரை எடுத்துப் போட்டார், தேத்தண்ணி வரவழைத்தார். நான் நடந்ததெல்லாம் சொன்னேன். முதலாளியின் முகம் கறுத்ததைக்கூட விடாமல் சொன்னேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்:

"பொலிஸில சொன்னீங்களா?"

இல்லை என்றேன்.

"கடையில இருந்தவங்களா தம்பி என்ட கடிதத்தப் பறிச்சது?"

அவ்வளவுதான். திரும்பவும் பம்பில் குனிந்துகொண்டார். தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டுப் பஸ்ஸுக்கு நடந்தேன்.

மறுநாள் காலை பொலிஸ் நிலையத்துக்குப் போனேன். அங்கே இருந்தவர் புதியவர், தமிழ் பேசுகிறவர். நான் சொல்லச் சொல்லப் பொறுமையாக எழுதினார். கடிதம் திரும்பக் கிடைக்குமா என்று கேட்டேன். நானா வந்து புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், அதற்கு முன் முதலாளியையும் கூப்பிட்டு விசாரிக்க வேண்டும் என்றார். பிறகு பேனையை நிறுத்திவிட்டு, நாலு வருடம் ஏன் சொல்லாமல் இருந்தேன் என்பதையும் எழுத வேண்டும் என்றார். "பயம் எண்டு போடட்டா?" என்று அவரே இரக்கப்பட்டுக் கேட்டார்.

பயமில்லை என்றேன். நானாவை நிறுத்திய அடுத்த கிழமையே தலைமை மெக்கானிக் வேலையை எனக்குத் தந்தார்கள், அதனால்தான் பேசாமல் இருந்தேன் என்று எழுதச் சொன்னேன்.