முகமூடி கழன்ற சண்டைக் காட்சி

என் மகள் நடித்த படம் மலாக்காவில் நான்கு நாள்தான் ஓடியது. ஐந்தாம் நாள் அதே திரையில் வேறு படம் போட்டுவிட்டார்கள். ஏன் ஓடவில்லை என்று ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்கிறார்கள். எனக்குத் தெரிந்த காரணத்தை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

ஒன்பது வயதில் அவளை தேக்வாண்டோ வகுப்பில் சேர்த்தேன். புக்கிட் காத்திலில் எங்கள் தாமான் குடியிருப்பு மண்டபத்தில் வாரம் மூன்று நாள் வகுப்பு. பெண்பிள்ளைக்கு எதற்கு உதையும் குத்தும் என்று கேட்ட சொந்தக்காரர்களுக்கு நான் கொடுத்த பதிலில் பாதியை இங்கே எழுத முடியாது. அவளுக்குப் பதினைந்து வயதானபோது, கல்யாண வீடுகளில் வீடியோ எடுக்கும் தம்பி ஒருவர் வீட்டுக்கு வந்தார். பள்ளிப் பிள்ளைகளை வைத்துச் சண்டைப் படம் எடுக்கப் போகிறேன், உங்கள் மகள்தான் கதாநாயகி என்றார். நான் யோசிக்கவே இல்லை, சரி என்று சொல்லிவிட்டேன்.

காணாமல் போன அக்காவைத் தேடி ஒரு தோட்டத்துப் பெண் போட்டிக்குப் போட்டி சண்டை போட்டு முன்னேறுவதுதான் கதை. கடைசியில் முகமூடி போட்ட ஓர் ஆளோடு மோதுகிறாள். முகமூடி கழன்றால், உள்ளே இருப்பது அவள் தேடிய அக்கா. இரண்டு வருடம் சனி, ஞாயிறுகளில் செம்பனைத் தோட்டத்திலும் தஞ்சோங் கிளிங் கடற்கரையிலும் எடுத்தார்கள். அந்தக் கடைசிச் சண்டைக்கு மட்டும் ஏழு வாரம் ஆனது. கணுக்கால் வீங்கி வருவாள். நான் எண்ணெய் தேய்த்துவிட்டபடியே திட்டுவேன். அடுத்த வாரம் மறுபடியும் கிளம்பிவிடுவாள்.

"அக்கா, முகமூடிக்குள்ள யாருன்னு மட்டும் வெளிய விட்டுடாதீங்க. அதுதான் படமே" என்று அந்தத் தம்பி என்னிடம் கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொல்லியிருந்தார். லோரி ஓட்டும் என் கணவரிடம்கூட நான் மூச்சு விடவில்லை.

வியாழக்கிழமை படம் வந்தது. டவுனில் இருக்கும் மாலில், ஒரே ஒரு திரையில். முதல் காட்சிக்கு முப்பது பேர் இருந்திருப்போம். ஞாயிறு வரை கூட்டம் வரவில்லை என்றால் எடுத்துவிடுவார்கள் என்று மகள் சொன்னாள். அடுத்த படத்திலும் அவள்தான் கதாநாயகி என்று பேசி வைத்திருந்தார்கள். இது ஓடினால்தான் அது. அன்று ராத்திரி அவள் சோறு தின்னவில்லை.

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. கல்யாணம் என்றால் பஸ் பிடித்து வந்து இறங்குகிற கூட்டம் எங்கள் கூட்டம். ஒரு படத்துக்கு வர வலிக்கிறதா? வெள்ளிக்கிழமை காலையிலேயே பெரியம்மாவுக்குப் போன் போட்டேன்.

"வரலாம்லா. யாரு வரமாட்டேன்னு சொன்னா? ஆனா நீ முறையா வந்து கூப்புடலையே. போன்ல சொல்றது அழைப்பா?"

காது குத்தானாலும் வீடு குடிபுகுவதானாலும், எங்கள் ஆட்களைத் தட்டில் பழமும் வெற்றிலையும் வைத்து வீடு தேடிப் போய் அழைக்க வேண்டும். இல்லையென்றால் பத்து வருடம் சொல்லிக் காட்டுவார்கள். படத்துக்கும் தட்டுத் தூக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. இனி வீடு வீடாக ஏறி இறங்க நேரமும் இல்லை. தஞ்சோங் கிளிங் ஹோட்டலில் துணி துவைக்கும் பிரிவில் எனக்கு வேலை. அந்த வாரம் பார்த்து லீவு கிடைக்காது என்றுவிட்டார்கள்.

அன்று சாயங்காலம் வேலை முடிந்து தனியாக இன்னொரு முறை படத்துக்குப் போனேன். கடைசிச் சண்டை வந்ததும் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்து முழுக்க எடுத்தேன். பெரியவர்கள் மட்டும் இருக்கும் குடும்பக் குரூப்பில் போட்டு, "இதுதான் அழைப்பு. எல்லாரும் குடும்பத்தோட வாங்க" என்று எழுதினேன். முகமூடி கழல்வதும் அதில் இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரத்தில் என் கண்ணுக்கு முகமூடி தெரியவே இல்லை. என் பிள்ளை மட்டும்தான் தெரிந்தாள்.

சனிக்கிழமை காலையில் பெரியம்மாவே கூப்பிட்டார்.

"பாத்துட்டேன்லா! என்னமா ஓதைக்கிறா! அக்காகாரியைக் கண்டுபிடிச்சதும் எனக்கு அழுகையே வந்துருச்சு."

"அப்ப நாளைக்கு வரீங்கதானே?"

"அதான் பாத்தாச்சேடி."

மத்தியானத்துக்குள் அது எங்கள் குடும்பத்தைத் தாண்டி இணையத்துக்குப் போய்விட்டது. முன்பின் தெரியாதவர்களெல்லாம் போட்டுப் பார்த்தார்கள். கீழே எழுதியிருந்ததையெல்லாம் உட்கார்ந்து படித்தேன். பிள்ளை சூப்பர், இந்த மாதிரி சண்டை நம்ம ஊர்ப் படத்தில் பார்த்ததே இல்லை என்று ஒருவர். முடிவு தெரிந்துவிட்டது, இனி எதற்குப் போவது என்று அதற்கடுத்தவர். இத்தனை பேர் பாராட்டி ஒரு டிக்கெட் விற்காத கொடுமையை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மகள் ஓடி வந்தாள். "அம்மா, யாரோ திருட்டுத்தனமா எடுத்துப் போட்டுட்டாங்க. படம் எடுத்த அண்ணே போன்ல அழுவுறாரு. இதப் பாருங்களேன்." சத்தத்தைக் கூட்டி வைத்தாள். அவள் எகிறி உதைக்கும் இடத்தில், கைப்பேசிக்கு வெகு பக்கத்தில் ஒரு பொம்பளைக் குரல் கத்தியது: "குடுடி என் தங்கமே! அப்படித்தான்!"

நுணலும் தன் வாயால் கெடும். அவள் என்னை ஒரு முறை பார்த்தாள். சத்தத்தைக் குறைத்தாள். ஒன்றும் கேட்காமல் அறைக்குள் போய்விட்டாள். அடையாளம் தெரிந்திருக்காது என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இயக்குநர் தம்பி வீட்டுக்கு வந்தார். இரண்டு நாளில் ஆள் பாதியாகியிருந்தார். "இன்னியோட படத்தத் தூக்குறாங்க அக்கா. ரெண்டு வருஷம். எடுத்தவங்க மட்டும் யாருன்னு தெரியட்டும், நேரா போலீஸ்ல ரிப்போர்ட் போட்டுருவேன்" என்று சொல்லிக்கொண்டே அதை மறுபடியும் ஓடவிட்டார். இரைச்சலில் அந்தக் குரல் அவருக்குப் பிடிபடவில்லை. "பொம்பள ஆளுன்னு மட்டும் தெரியுது" என்றார்.

நான் தேத்தண்ணித் தட்டோடு நின்றேன். சொல்லிவிடலாம், இதோ சொல்லிவிடலாம் என்று நினைத்தபடியே கோப்பைகளை மேசையில் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வைக்க வேறு கோப்பை இல்லை.

"நாந்தாண்ணே எடுத்தேன்" என்றாள். "அம்மா பக்கத்துல இருந்தாங்க, அவங்க குரல்தான் அது. கூட்டாளி ஒருத்திக்கு மட்டும்தான் அனுப்புனேன். அவ பரப்பிட்டா."

அவர் கைப்பேசியைச் சட்டைப் பையில் போட்டார். பிறகு எழுந்தார். "ரிப்போர்ட்லாம் போடல. அடுத்த படத்துக்கு நான் வேற பிள்ளைய பாத்துக்குறேன்" என்றார். தேத்தண்ணியைத் தொடாமலே போய்விட்டார்.

வாசல் கேட்டைச் சாத்திவிட்டு வந்து, "ஏன்டி அப்படிச் சொன்ன?" என்று கேட்டேன்.

அவள் கோப்பைகளைத் தட்டில் எடுத்து அடுக்கினாள்.

"நீங்க சொல்லுவீங்கன்னுதான்மா காத்திருந்தேன்" என்றாள்.