மொட்டையா, பூமுடியா

பூம்பாறையில் நாங்கள் பூண்டு போடுகிற குடும்பம். என் இரண்டு பிள்ளைகளுமே பழநியாண்டவருக்கு முடி நேர்ந்து பிறந்தவர்கள். நேர்த்திக்கடனைச் செலுத்தப் போக நினைக்கும்போதெல்லாம் ஏதாவது தடங்கல். ஒரு தடவை வீட்டில் சாவு, இன்னொரு தடவை மலைப்பாதை சரிந்து கிடந்தது. நேர்ந்த முடியில் கத்தரி படக் கூடாது. அதனால் மூத்தவனுக்கும் இளையதுக்கும் ஐந்து வயதில் மொட்டை போடும்வரை சடைதான் பின்னினேன். சடை பின்னினால் பூ வைக்காமல் இருக்க மனசு வருமா? மொட்டைக்கு முன்னால் பாவாடை கட்டி, பொட்டு வைத்து ஒரு போட்டோ எடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். எங்கள் வீட்டுச் சுவரிலும் அப்படி இரண்டு போட்டோ தொங்கின.

பத்து வருஷம் போனபின் அந்தப் போட்டோக்களை நிமிர்ந்து பார்க்கவே எனக்கு நடுக்கமாகிவிட்டது.

இளையதுக்குக் குரல் உடைந்ததும் அது பேச்சைக் குறைத்தது. பிறகு நிறுத்தியே விட்டது. ஏதாவது வேண்டுமென்றால் என் காதுக்குப் பக்கத்தில் வந்து கிசுகிசுக்கும். பள்ளிக்கூடத்திலும் அந்தக் கிசுகிசுதான். உதட்டுக்கு மேல் முளைத்ததைக் கண்ணாடி முன்னால் நின்று நகத்தால் பிடுங்கிப் பிடுங்கி அந்த இடமே புண்ணாகிவிட்டது. முடியை மட்டும் தோள்வரை வளர்த்தது. கொடைக்கானலில் வெள்ளைக்காரப் பையன்கள் நீள முடியோடு சுற்றிய காலம் என்பதால் யாருக்கும் அது உறுத்தவில்லை. பஸ் கண்டக்டர், "ஏலே ஹிப்பி, உள்ள தள்ளி நில்லு" என்பார். பஸ்ஸே சிரிக்கும். பிள்ளை சன்னல் பக்கம் திரும்பிக்கொள்ளும்.

ஒருநாள் பூண்டின் காய்ந்த தண்டை அறுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்து காதில் கிசுகிசுத்தது.

"அம்மா, நான் ஆம்பள இல்லம்மா. உள்ளுக்குள்ள எப்பவுமே இல்ல."

அரிவாளைக் கீழே வைத்தேன். சாமி வந்து பேசுகிறதா, பேய் வந்து பேசுகிறதா என்று முகத்தைப் பார்த்தேன். என் பிள்ளையின் முகம்தான்.

இன்று இதற்கு மரியாதையான சொற்கள் வந்துவிட்டன. அன்று எங்களிடம் இருந்ததெல்லாம் வசவுதான். என் வீட்டுக்காரர் தாண்டிக்குடியில் ஒரு எஸ்டேட்டுக்கு ஜீப் ஓட்டினார். எப்போதாவதுதான் வீட்டுக்கு வருவார். அவருக்கு மூத்தவரான என் நாத்தனார் போட்டோவைக் கைகாட்டிச் சொன்னார்:

"பூவும் பொட்டும் வச்சு அழகு பாத்தேல்ல புள்ள? அதான் ஒட்டிக்கிருச்சு. முருகன் முடிய அஞ்சு வருசம் கெடப்புல போட்டா சும்மா விடுவாரா? திரும்பவும் ஒரு மொட்டை போடு. எல்லாம் சரியாப் போகும்."

வீட்டுக்காரரும் அதையே பிடித்துக்கொண்டார். நான் விளக்கேற்றும்போதெல்லாம் கேட்டேன்: அப்பனே, நான் பின்னிய சடையா இது? என் வயிற்றிலேயே இப்படி வந்ததா?

கொடைக்கானல் ஆஸ்பத்திரிக்கு மனசு டாக்டர் ஒருவர் கீழேயிருந்து வந்துபோவார் என்று கேள்விப்பட்டு, வெள்ளனே பஸ் ஏறிப் பிள்ளையைக் கூட்டிப்போனேன். உடம்பைச் சோதித்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். ஒரு குறையும் இல்லை என்றார்கள். பிறகு டாக்டர் என்னைத் தனியாக உட்காரவைத்தார்.

"படிச்சவங்களே ரெண்டு கட்சியா இருக்காங்கம்மா. கர்ப்பத்துல சுரக்கிற ஹார்மோன், மூளை அமைப்பு, இதெல்லாம் காரணம்னு ஒரு கட்சி. வளர்ப்புதான்னு இன்னொரு கட்சி. அப்பா பக்கத்துல இல்ல, அம்மா சேலையையே பிடிச்சு வளந்தான்னு சொல்லுவாங்க."

"அவங்கப்பா எஸ்டேட்லதாங்க கெடக்காரு. சடையும் நாந்தாங்க பின்னுனேன்."

அவர் எதையும் எழுதவில்லை. "மூத்த பையனை எப்படி வளத்தீங்க?" என்று கேட்டார்.

மூத்தவனுக்கும் அதே சீப்பு, அதே பாவாடை. அப்பா அவனுக்கும்தான் பக்கத்தில் இல்லை. ஆனால் அவன் பூவைப் பிய்த்து ஆட்டுக்குட்டிக்குத் தின்னக் கொடுப்பான். மொட்டையடித்ததும் மண்டையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். இளையது வாடின பூவைக்கூட எடுக்க விடாமல் படுக்கும். மொட்டையடித்த அன்று கீழே கிடந்த முடியை அள்ளி, திரும்ப ஒட்டித்தரச் சொல்லி அழுதது.

எல்லாவற்றையும் சொன்னேன். "அப்ப வயித்துலயே வந்ததாங்க?" என்றேன்.

"நிச்சயமாச் சொல்ல எனக்குத் தெரியலம்மா. நீங்க பின்னின சடையால வந்ததுன்னு மட்டும் நான் சொல்லமாட்டேன். பிள்ளை பேச்சை நிறுத்திருச்சே, அதைப் பாருங்க."

வீட்டுக்காரர் காதில் இதெல்லாம் ஏறவில்லை. "டாக்டருக்கே தெரியல, பெறகென்ன? முருகன்கிட்ட வெரசாப் போ" என்றார். எனக்கும் முருகனை விட்டால் யார்? பிள்ளையின் முடியைத் திரும்ப நேர்ந்துகொண்டு, பழநிக்கு அதோடு கிளம்பினேன்.

மலை இறங்கும்போது அது என் காதில் சொன்னது: "முடிய எடுத்தா நான் வீட்டுக்கு வரமாட்டேன்மா. அங்கிருந்தே எங்கயாச்சும் போயிருவேன்."

மிரட்டலாகச் சொல்லவில்லை. குளிருகிறது என்று சொல்வது போலச் சொன்னது. அதன்பிறகு அதன் கையை நான் விடவே இல்லை. வழிநெடுக மனசு இந்தப் பக்கம் இழுத்தது, அந்தப் பக்கம் இழுத்தது. கடனைச் செலுத்தாவிட்டால் சாமி குத்தம். செலுத்தினால் பிள்ளை போய்விடும்.

முடியெடுக்கிற இடத்தில் கூட்டம். ஈர முடி வாடை. வரிசை நகர நகர என் கையும் பிள்ளையின் கையும் ஒன்றாக வேர்த்தன. எங்களுக்கு முன்னால் புதுசாகக் கல்யாணமான ஒரு பெண் உட்கார்ந்தாள். நாவிதர் மூன்று கொத்து முடியை நறுக்கிவிட்டு அனுப்பினார். பெண்கள் மொட்டைக்குப் பதில் அப்படிக் கொடுப்பதுதான் பூமுடி. அதையும் முருகன் வாங்கிக்கொள்கிறார்.

எங்கள் முறை வந்தது. நாவிதர் கத்தியைத் தீட்டிக்கொண்டே, "தம்பிக்கு மொட்டதான?" என்றார்.

"பூமுடிங்க."

"அது பொம்பளைங்களுக்குங்க."

"தெரியும்ங்க. அதான் கேக்கேன்."

அவர் என்னைப் பார்த்தார். பிள்ளையின் உதட்டுக்கு மேலிருந்த புண்ணைப் பார்த்தார். பின்னால் யாரோ, "சீக்கிரம் ஆகட்டும்யா, வேற சோலி இல்லையா?" என்றார்கள். அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கத்தரியை எடுத்தார்.

"தலையக் குனி தாயி."

பிள்ளை குனிந்தது. அவர் முதல் கொத்தைப் பிடித்தபோது, அத்தனை பேருக்கு நடுவில், உடைந்த அந்தக் குரலிலேயே வாய்விட்டுச் சொன்னது: "நுனியில மட்டும் எடுங்கண்ணே."

அந்தக் குரலை நான் கேட்டு ஒரு வருஷத்துக்கு மேல் இருக்கும். சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டேன்.

ஊர் திரும்பியதும் வீட்டுக்காரர் முதலில் தலையைத்தான் பார்த்தார். "முடி இருக்கே?" என்றார்.

"கடனைச் செலுத்தியாச்சு" என்றேன்.

அவர் அன்று சாப்பிடவில்லை. அதற்கப்புறம் வெகுநாள் அவர் என்னோடு பேசவும் இல்லை. ஆனால் என் மகள் பேசினாள். எங்கும் போகவில்லை. எதனால் இப்படி என்று முருகனிடம் இன்றும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். அவர் சொல்லவில்லை. சுவரில் இரண்டு போட்டோக்களும் அப்படியே இருக்கின்றன.