பின்கேட்டில் தொண்ணூற்று மூன்று பேர்

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த வருடங்களில், கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் கம்பி உருட்டும் ஆலை ஒன்றில் எனக்குக் கேமரா அறை வேலை. வேப்பம்பட்டிலிருந்து இரண்டு ரயில் மாறிப் போவேன். கான்ட்ராக்ட் ஆட்கள் வந்துபோகும் பின்கேட்டின் முந்தைய நாள் வீடியோவைக் கம்ப்யூட்டரில் போட்டு, கேட்டின் குறுக்கே ஒரு கோடு இழுத்துவிட்டால், கோட்டைத் தாண்டும் ஒவ்வோர் ஆள் மேலும் பச்சைக் கட்டம் விழும்; எண்ணிக்கை தானாக ஏறும். அதைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

அன்று காலையிலும் எழுதினேன். உள்ளே தொண்ணூற்று மூன்று, வெளியே தொண்ணூற்று மூன்று. சரி.

ஒன்பது மணிக்கு ஒரு பெண் வந்து நின்றாள். புருஷன் முந்தைய நாள் வேலைக்கு வந்தவன், வீடு திரும்பவில்லை. ஆட்கள் விவகாரம் பார்க்கும் பர்சனல் அதிகாரி என் தாளை அவள் முன் நீட்டினார்.

"எல்லாரும் போய்ட்டாங்கம்மா. எங்கனா குடிச்சிட்டு கெடப்பான், தேடிப் பாரு."

"அவரு குடிக்கமாட்டாரு சார். பேப்பர்ல வெளிய வந்துட்டாரு, ஊட்டுக்கு வரலியே?"

அவள் போகவில்லை. கேட்டுக்கு வெளியே வெயிலில் உட்கார்ந்துவிட்டாள்.

நான் அறையைச் சாத்திக்கொண்டு, மாலை வீடியோவை மெதுவாக ஓட்டிக் கண்ணாலேயே எண்ணினேன். ஆளுக்கொரு பென்சில் கோடு. தொண்ணூற்று இரண்டு. நம்பிக்கையில்லாமல் மறுபடி எண்ணினேன். மேலிருந்து பார்க்கும் கேமராவில் முகமா தெரிகிறது, வெறும் மஞ்சள் ஹெல்மெட்டுகள். மறுபடியும் தொண்ணூற்று இரண்டு. காலை வருகையையும் எண்ணினேன். அது தொண்ணூற்று மூன்றுதான். மூன்றாம் முறை ஓட்டியபோதுதான் அகப்பட்டது. ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிறார், கேரியரில் ஆள் உயரத்துக்குச் சாக்குமூட்டை. மென்பொருள் மூட்டைக்கும் ஒரு கட்டம் போட்டிருந்தது.

அதிகாரியிடம் ஓடினேன். "சார், ஒர்த்தர் உள்ளதான் இருக்காரு."

"இவ்ளோ செலவு பண்ணி வாங்கின சாஃப்ட்வேர் தப்பு, உன் பென்சில் கரெக்டா? போய் வேலையப் பாருப்பா."

மெஷின்கள் ஓடும்வரை உள்ளே யார் கத்தினாலும் கேட்காது. மில்லை ஓட்டும் ஆபரேட்டரிடம் போனேன். ஆந்திர எல்லைப் பக்கத்துக்காரர், ஐம்பது வயதிருக்கும். காதருகே கத்திச் சொன்னேன்.

"நிறுத்தினா என் வேல பூடும் நைனா," என்றார்.

நான் அங்கிருந்து நகரவில்லை. அழுதுகொண்டிருந்தேன் என்று பிறகு அவர்தான் சொன்னார். கையைத் துடைத்துக்கொண்டு போய் ஸ்விட்ச்சைத் தட்டினார்.

அந்த ஆலையில் அப்படியொரு அமைதியை நான் கேட்டதில்லை. ஆட்கள் நாலா பக்கமும் ஓடினார்கள். கேட்டில் உட்கார்ந்திருந்தவளையும் உள்ளே விட்டார்கள். "இன்னாங்க... இன்னாங்க..." என்று கூப்பிட்டபடி ஓடினாள். ஸ்டோருக்குப் பின்னால், கைவிடப்பட்ட தண்ணீர்க் குழி ஒன்றிலிருந்து இரும்பில் தட்டும் சத்தம் வந்தது. துருப்பிடித்த மூடித்தகடு உடைந்து, அவள் புருஷன் முந்தைய நாள் மத்தியானமே உள்ளே விழுந்திருக்கிறார். தகடு காலின் மேல் கிடந்தது. ராத்திரி முழுக்கத் தட்டினாராம்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வேனில் அவர் தலையை நான் மடியில் பிடித்துக்கொண்டேன். "தண்ணி," என்று மட்டும் சொன்னார்.

உயிர் பிழைத்தது. நசுங்கிய காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

ஆஸ்பத்திரி வராண்டாவில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீதாண்ணா எங்களுக்கு சாமி," என்றாள். தாங்கமுடியவில்லை. "அந்தப் பேப்பர் நான் எழுதுனதும்மா. பாக்காமயே எழுதிட்டேன்," என்றேன்.

அவள் கையை விடவில்லை. பிடித்தபடியே கேட்டாள்:

"காலைலயே பாத்திருந்தா காலு இருந்திருக்குமா அண்ணா?"

டாக்டரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். டாக்டர் அந்தப் பக்கமாக இரண்டு தடவை வந்தார். நான் கேட்கவில்லை.

மில்லை நிறுத்தியதற்காக ஆபரேட்டரை ஒரு வாரம் சஸ்பெண்ட் செய்தார்கள். என்னை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மேலும் எட்டு மாதம் அந்தக் கேமரா அறை நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.