அண்ணனின் ரம் போத்தல்

கட்டாரிலிருந்து வந்த அண்ணன் ஒரு ரம் போத்தல் கொண்டு வந்திருந்தான். "இத இப்ப உடைக்கப்படா அப்பா. என்ட கலியாணத்துக்கு ரெண்டு பேரும் சேந்து குடிப்பம்" என்று அப்பாவிடம் கொடுத்தான். ஒரு கிழமை தாங்காது என்றுதான் நினைத்தேன். தோணியால் இறங்கினால் நேரே சாராயக் கடைக்குப் போகிற மனிதர் எங்கள் அப்பா. ஆனால் அந்தப் போத்தலில் அவர் கை வைக்கவே இல்லை.

சுனாமிக்குப் பிறகு எங்கள் வீட்டில் அத்திவாரம்தான் மிஞ்சியது. நாங்கள் நால்வரும் எப்படியோ தப்பியிருந்தோம். மூன்றாம் நாள் கிணற்றடி மணலுக்குள்ளிருந்து அப்பா அந்தப் போத்தலை இழுத்தெடுத்தார். லேபிள் போயிருந்தது, மூடியின் சீல் உடையவில்லை. அம்மா அதைக் கழுவித் தன் சேலைத் தலைப்பால் துடைத்து, "பாத்தியளா, இவன்ட கலியாணம் நடக்கும்" என்றாள். அதன்பிறகு வீட்டில் யாரும் அதைக் குடிக்கிற சாமானாக நினைக்கவில்லை.

அண்ணன் திரும்பக் கட்டாருக்குப் போகாமல், மேசன் வேலை இருக்கிறதென்று வன்னிக்குப் போனான். யுத்தம் திரும்பத் தொடங்கி, வன்னிப் பாதையைப் பூட்டினார்கள். யுத்தம் முடிந்தது. பாதை திறந்தது. அவன் வரவில்லை. அவனுடைய படத்தோடு அம்மா ஏறாத அரசாங்கக் கந்தோர் இல்லை. அவன் பேரில் ஒரு படையலாவது வைக்கச் சொன்னவர்களோடு அவள் கதைப்பதையே விட்டுவிட்டாள். இருக்கிறவனுக்கு எதற்குப் படையல் என்பாள்.

அப்பா இடைக்கிடை அலுமாரியைத் திறந்து போத்தலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். "இது இன்னும் நல்லா இரிக்குமா புள்ள?" எனக்கென்ன தெரியும்? ஒருநாள் தன் தோணியின் முதலாளியான சாய்ந்தமருதுக் காக்காவிடமே கேட்டிருக்கிறார். "அல்லாட காவல்! இத என்னட்டயா கேக்கிறாய்?" என்று அவர் தலையில் கை வைத்தாராம். அதைச் சொல்லிச் சிரித்ததுதான் அப்பா சிரித்து நான் பார்த்த கடைசித் தடவை.

அவரும் போய்ச் சேர்ந்தார். எட்டாம் நாள் படையலில் செத்தவர் ஆசைப்பட்டதையெல்லாம் வைப்போம். படைத்து முடிந்ததும் போத்தலில் இருப்பதை ஆண்கள் பங்கிட்டுக் குடிப்பார்கள். சோறு, நண்டுக் கறி, பொரித்த மீன், சுருட்டு எல்லாம் வாழையிலையில் வந்துவிட்டன. மாமா சாராயம் வாங்கி வந்திருந்தார். அந்த ரம்மை வைப்போம் என்று நான் சொன்னேன்.

"அது அவன்ட. வந்து கேட்டா என்ன சொல்ற?" என்றாள் அம்மா.

எனக்குக் கோபம் வந்தது. ஒரு மனிதன் சாகும்வரை அதைத் திறக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தானே! அவளுடைய காத்திருப்பும் எனக்கு அலுத்துப்போயிருந்தது. அதைச் சொல்ல வாய் வராமல் ஒரு பொய் சொன்னேன். "மூடி துருப்பிடிச்சிட்டும்மா. ரம்மும் வத்திக்கொண்டு வருது. இன்னும் வெச்சா கெட்டுப்போயிரும். மறுகா ஒருத்தருக்கும் உதவாது."

அம்மா எழும்பிப் போய்ப் போத்தலைக் கொண்டு வந்தாள். மாமா திறந்து கொடுத்தார். அப்பாவின் இலையில் ஒரு கிளாஸ் வைத்தாள். பிறகு குசினிக்குள் போய் இன்னொரு கிளாசும் ஒரு சின்ன இலையும் எடுத்து வந்து, பக்கத்தில் வைத்து வார்த்தாள். நான் நினைத்தது அப்பாவை மட்டும்தான். அவள் இருவரையும் அனுப்பிவிட்டாள்.

படைத்து முடிந்ததும் மாமா ஒரு மிடறு குடித்தார்.

"எப்பிடி இரிக்கி?" என்று அம்மா கேட்டாள்.

"கெடவே இல்ல அக்கா. நேத்து வாங்கின மாதிரி இரிக்கி."

அம்மா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம்கூட இல்லை.

"அப்ப இன்னும் கொஞ்சக் காலம் வெச்சிருந்திருக்கலாமே" என்றாள்.