அணைந்தே கிடந்த சிவப்பு பல்பு

1. நிற்காத என்ஜின்

ராஜேந்திரன் அம்பாசிடரை என் கடை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினான். என்ஜினை மட்டும் நிறுத்தவில்லை.

"ஆஃப் பண்ணுப்பா. டீசல் இன்னா மலையில ஊறுதா?" என்றேன்.

"ஆஃப் பண்ணா மறுபடி செல்ஃப் எடுக்காதுணா."

பக்கத்து சீட்டில் அவன் மனைவி சுமதி. பின் சீட்டில் ஜிப் பிதுங்கும் அளவுக்கு ஒரு பை. அந்தப் பை எதற்கு என்று எனக்குத் தெரியும். வண்டி அன்றைக்கும் சரியாகவில்லை என்றால், செங்கத்தில் பழைய வண்டி வாங்குகிறவரிடம் சாவியைக் கொடுத்துவிட்டு, அங்கிருந்தே திருப்பூர் பஸ் ஏறிவிடுவதாக ஏற்பாடு. சுமதியின் தம்பி அங்கே ஒரு கம்பெனியில் வாட்ச்மேன் வேலைக்குச் சொல்லி வைத்திருந்தான். சுமதிக்கு இங்கே அங்கன்வாடி வேலை, அவளால் கூடப் போக முடியாது. மலைக்கும் கீழே உள்ள ஊர்களுக்கும் வாடகைக்கு ஓடுகிற அந்த வண்டியை நம்பித்தான் அவர்கள் குடும்பம் ஓடியது.

ஜமுனாமரத்தூரில் ஆட்டோ எலக்ட்ரிகல் வேலை பார்த்தே எனக்குத் தலை நரைத்துவிட்டது. ஆனால் அந்த வண்டி என்னை நன்றாகவே ஆட்டி வைத்தது. முதல் தடவை பேட்டரி டவுன் என்று வந்தான். சோதித்தால் பேட்டரிக்கு வயதாகியிருந்தது, புதிது போட்டோம். அதுவும் டவுன் ஆனது. மீட்டர் வைத்துப் பார்த்தேன், சார்ஜே வரவில்லை. பேட்டரிக்குச் சார்ஜ் கொடுக்கிற ஆல்டர்னேட்டரைக் கழற்றிச் செங்கத்துக்கு அனுப்பினேன். அங்கே டெஸ்ட் பெஞ்சில் வைத்துச் சுற்றிப் பார்த்தவர், "நல்லாத்தானே கீது, எதுக்கு அனுப்புன?" என்று போனில் என்னையே கேட்டார். மறுபடி மாட்டினேன். மறுபடியும் சார்ஜ் இல்லை. ஒயரை எல்லாம் அடி முதல் நுனி வரை தடவிப் பார்த்தேன், எங்கேயும் கட் இல்லை.

பெஞ்சில் வேலை செய்கிற சாமான் வண்டியில் ஏன் வேலை செய்யவில்லை? எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு மனுஷன் ஊரை விட்டுப் போவது என் கையில் இருக்கிறது என்பது சாதாரண பாரமில்லை.

2. சுமதி சொன்னது

ராஜேந்திரன் டீ வாங்கி வந்தான். பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நான் நின்றிருந்தேன். சுமதி வண்டிக்குள்ளிருந்தே பேசினாள்.

"எல்லாம் அந்த லைட்ட மாத்துனதுலருந்துதாண்ணா. நல்லா இருந்த வண்டி."

"எந்த லைட்டு?"

"மீட்டர் போர்டுல கீதே, அது. செல்போன்ல ஆர்டர் போட்டு வாங்குனாரு. ஒரு ஞாயித்துக்கெழம முழுக்க வூட்டு வாசல்ல எல்லாத்தையும் பிரிச்சிப் போட்டுகினு உக்காந்தாரு."

நான் ராஜேந்திரனைப் பார்த்தேன். அவன் டீ கிளாஸுக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தான்.

"இன்னாடா மாத்துன?"

"எல்இடிணா. பழைய பல்பு மஞ்சளா எரியும், சாயங்காலம் ஆனா கிலோமீட்டர் முள்ளே தெரியாது. கண்ணு வேற முன்ன மாதிரி இல்ல. வெளியில வாங்கிக்கினன்னு தெரிஞ்சா நீ கோச்சிக்குவன்னுதான் சொல்லல."

"கோச்சிக்கினு இன்னா, உன் கைய ஒடச்சிடுவனா? எத்தினி பல்பு மாத்துன?"

"எல்லாத்தையும்தான். செட்டா வந்துது, மிச்சம் வெக்க மனசு வரல."

எனக்கு அப்போதே பாதி புரிந்துவிட்டது. என்ஜினை நிறுத்தச் சொன்னேன். தயங்கினான். நிறுத்தினான். சாவியை மட்டும் திருப்பச் சொல்லி, டேஷ்போர்டுக்கு வெயில் படாமல் கையால் மறைத்துப் பார்த்தேன். ஆயில் லைட் எரிந்தது. பேட்டரி படம் போட்ட சிவப்பு லைட் எரியவில்லை.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிச் சொல்கிறேன். இந்த மாதிரிப் பழைய வண்டிகளில் அந்தச் சிவப்பு பல்பு வெறும் அடையாளத்துக்கு இல்லை. சாவி போட்டதும் பேட்டரியிலிருந்து அந்த பல்பு வழியாகக் கொஞ்சம் கரண்ட் ஆல்டர்னேட்டருக்குப் போகும். அந்தக் கரண்ட்தான் அதை எழுப்பிவிடும். அது எழுந்து சார்ஜ் கொடுக்க ஆரம்பித்ததும் பல்பு அணையும். எல்இடி வழியாகப் போகிற கரண்ட் ரொம்பக் குறைவு, பல வண்டிகளுக்கு அது போதாது. போதாத குறைக்கு இவன் அதைத் தலைகீழாக வேறு சொருகியிருந்தான். எல்இடிக்கு பிளஸ், மைனஸ் பார்க்க வேண்டும். மீட்டருக்கு வெளிச்சம் தருகிற பல்புகளைப் பார்க்கிங் லைட் சுவிட்ச் போட்டுப் பார்த்து, எரியாததைத் திருப்பிச் சொருகியிருக்கிறான். ஆயில் பல்பு அதிர்ஷ்டத்தில் சரியாக உட்கார்ந்துவிட்டது. சிவப்பைச் சோதிக்கவே இல்லை. செங்கத்து பெஞ்சில் அதற்கென்றே ஒரு பழைய பல்பு மாட்டியிருப்பார்கள், அதனால்தான் அங்கே சார்ஜ் வந்தது.

"சிவப்பு எரியாததப் பாக்கலயாடா?"

"எரியலன்னா சார்ஜ் நல்லா ஆவுதுன்னுதானே அர்த்தம்ணா?"

ஓடுகிற வண்டியில் அது சரிதான். ஆனால் சாவி போட்டதும், என்ஜின் பிடிப்பதற்கு முன்னால், அது எரிந்தாக வேண்டும். இங்கேதான் மலைக்காரர்கள் நாங்கள் எல்லோருமே மாட்டிக்கொண்டோம். எங்கள் மலையில் யாரும் சமதளம் தேடி வண்டியை நிறுத்த மாட்டார்கள். மூக்கு இறக்கம் பார்த்து இருக்கும்படி நிறுத்துவோம். காலையில் சாவியைப் போட்டு, பிரேக்கை விட்டு, உருண்டதும் செகண்ட் கியரில் கிளட்சை விட்டால் என்ஜின் பிடித்துக்கொள்ளும். கண் ரோட்டில் இருக்கும், மீட்டர் போர்டை யார் பார்க்கிறார்கள்? டீசல் என்ஜின், ஒருதரம் பிடித்துவிட்டால் பேட்டரி செத்தாலும் ஓடும். கீழே கலசப்பாக்கத்துச் சமதளத்தில் நிறுத்தி, சவாரிக்கு வந்தவர்களே இறங்கித் தள்ளிய அன்றைக்குத்தான் அவனுக்கே விஷயம் தெரிந்தது. என் கடையும் சரிவில்தான். இங்கேயும் உருட்டித்தான் ஸ்டார்ட் செய்தோம்.

3. சமதளம்

மீட்டர் போர்டைப் பிரித்து, அந்த ஒரு எல்இடியை மட்டும் கழற்றி, என் டப்பாவிலிருந்து சாதாரண பல்பு ஒன்றைப் போட்டேன். சாவியைத் திருப்பியதும் சிவப்பு எரிந்தது. அதைப் பார்க்க எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது. கடைப் பேட்டரியை இணைத்து ஸ்டார்ட் செய்து, அதைக் கழற்றிவிட்டு, லேசாக ஆக்சிலரேட்டரை மிதித்தேன். சிவப்பு அணைந்தது. மல்டிமீட்டரில் வோல்டேஜ் ஏறி பதினாலைத் தொட்டு நின்றது.

"சந்தை மைதானத்துக்கு வுடு," என்றேன்.

அங்கே தரை சமம். போகிற வழியில், பேட்டரி ஏறுகிற அளவுக்கு நீளமாக ஒரு சுற்று ஓடவிட்டு, நட்ட நடுவில் நிறுத்தச் சொன்னேன். என்ஜின் ஆஃப். ஹெட்லைட்டைக் கொஞ்ச நேரம் எரியவிட்டு அணைத்தோம்.

"இப்ப சாவில ஸ்டார்ட் பண்ணு."

ராஜேந்திரன் சாவியைப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தான். சுமதி அவனைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

திருப்பினான். செல்ஃப் ஒரே இழுப்பில் எடுத்தது.

ராஜேந்திரன் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டான். சுமதி தம்பிக்குப் போன் போட்டாள். "அந்த வேலைக்கு வேற யாரனா பாத்துக்கச் சொல்லுடா. உங்க மாமா வர்ல. வூட்லதான் இருப்பாரு." எனக்கு மனசு லேசாகி, நெடுநாள் கழித்து நன்றாகப் பசித்தது.

வண்டி வந்ததும் என்ன கோளாறு என்று தேடுவதற்கு முன்னால், "இதில் கடைசியாக யார் எதை மாற்றினார்கள்?" என்று கேட்டுவிட வேண்டும். கோபப்படாமல் கேட்க வேண்டும். நம் கோபத்துக்குப் பயந்துதான் பாதி பேர் விஷயத்தை மறைக்கிறார்கள். அப்புறம், சாவி போட்டதும் எரிய வேண்டியது எரிகிறதா என்று பார்க்க வேண்டும். அந்த வண்டியிடம் நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான்.

கையெல்லாம் கிரீஸ். துடைக்கத் துணி கேட்டேன். சுமதி பின் சீட்டுப் பையின் ஜிப்பைத் திறந்து, திருப்பூருக்கென்று வாங்கி வைத்திருந்த புதுத் துண்டை மடிப்புக் கலையாமல் எடுத்து நீட்டினாள்.

"புதுசும்மா இது," என்றேன்.

"தொடச்சிக்கோங்கண்ணா. இனிமே இது எதுக்கு?"