மூன்று கம்பி, இரண்டு துளை

நான் இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்றவன். நாமக்கல்லில் ஒரு கல்லூரியில் முப்பது ஆண்டுகள் மின்னியல் நடத்தியவன். இந்தத் தகுதிகளை முதலிலேயே சொல்லிவிடுவதற்குக் காரணம் உண்டு. எண்பதுகளின் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மூன்று கம்பிகளை இரண்டு துளைகளில் எப்படிச் செருகுவது என்று தெரியாமல் நான் விழித்துக்கொண்டிருந்ததை என் மனைவி பார்த்துவிட்டாள். சென்ற தை மாதம் வரை, அதாவது அவள் இருந்தவரை, அதை அவள் மறக்கவில்லை.

அவளுடைய சித்தி மகன் சிங்கப்பூரிலிருந்து வந்தபோது எங்களுக்கு ஒரு வாக்மேன் கொண்டுவந்து கொடுத்திருந்தான். சோப்புப் பெட்டியைவிடச் சற்றே பெரியது, இடுப்பில் மாட்டிக்கொள்ளலாம். காதில் வைத்துக் கேட்கும் குழாயைச் செருக அதில் இரண்டு துளைகள் இருந்தன. ஆனால் அவன் கொடுத்தது ஒரே ஒரு காதுக்குழாய். அதை நான் தலையில் மாட்டிக்கொண்டு கண்ணை மூடி ரசிப்பதை இரண்டு நாள் பொறுத்துக்கொண்டவள் மூன்றாம் நாள் எதிரில் வந்து நின்றாள்.

"ஏனுங்க, ஒரு ஆளு சோறு திங்க, இன்னொரு ஆளு எலையைப் பாத்துட்டே நிக்கறதுங்களா? ஊட்டுக்கே கேக்கறாப்புல பண்ணுங்க. அதுக்குத்தானே அத்தனை படிப்பு?"

எங்கள் வீட்டில் ஒரு பழைய வால்வு ரேடியோ இருந்தது. அதன் முதுகில் இசைத்தட்டுப் பெட்டியை இணைப்பதற்கென்று இரண்டு துளைகள் உண்டு. சேலத்திலிருந்து மலிவான காதுக்குழாய் ஒன்று வாங்கிவந்து அதன் காதுகளை வெட்டி எறிந்தேன். வயருக்குள் மூன்று கம்பிகள் இருந்தன: இடது காதுக்கு ஒன்று, வலது காதுக்கு ஒன்று, இரண்டுக்கும் பொதுவாக ஒன்று. ரேடியோவிலோ இரண்டே துளைகள். பொதுக் கம்பி வெறும் காப்புக்கானது, விட்டுவிடலாம் என்று முடிவு செய்தேன். நான் தாள் திருத்தும்போது இந்த விடையை எழுதிய மாணவனுக்குச் சுழியம்தான் போட்டிருப்பேன். மற்ற இரண்டு கம்பிகளையும் துளைக்கு ஒன்றாக வைத்து, நழுவாதபடி தீக்குச்சியால் இறுக்கிவிட்டு, வாக்மேனில் பாட்டுக் கேசட்டை ஓடவிட்டேன்.

வயலின் வந்தது. தபேலா வந்தது. புல்லாங்குழல் வந்து வளைந்து ஓரிடத்தில் நின்று வழிவிட்டது. பாட வேண்டியவள் மட்டும் வரவில்லை. எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் ஓர் எதிரொலி மட்டும் மிதந்தது.

"பாடறவளை எங்கீங்க தொலைச்சீங்க?" என்றாள் மனைவி.

நான் விளக்கினேன். பாட்டுப் பதிவில் சில வாத்தியங்களை இடப்பக்கமும் சிலவற்றை வலப்பக்கமும் பிரித்து வைப்பார்கள். பாடுகிறவரை மட்டும் நடுவில் நிறுத்துவார்கள். அதாவது அந்தக் குரல் இரண்டு பக்கமும் சம அளவில் இருக்கும். பொதுக் கம்பியை விட்டுவிட்டதால் ரேடியோவுக்குக் கிடைப்பது இரு பக்கங்களுக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே. சமமாக இருப்பது ஒன்றையொன்று கழித்துக்கொண்டு காணாமல் போய்விடும்.

"அப்ப நடுவுல நிக்கறவங்களுக்குத்தான் கேடு" என்று சொல்லிவிட்டு அவள் சமையலறைக்குப் போனாள்.

பொதுக் கம்பியைச் சேர்க்க நான் குனிந்தபோது உள்ளேயிருந்து பாட்டு வந்தது. புல்லாங்குழல் வழிவிட்ட அதே இடத்தில் சரியாக நுழைந்து, காலியாக இருந்த நடுவை முழுவதுமாக நிரப்பிக்கொண்டு, தாளிக்கும் சத்தத்துக்கிடையே அவள் பாடிக்கொண்டிருந்தாள். எங்களுக்குத் திருமணமாகி ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. அவள் பாடுவாள் என்று எனக்குத் தெரியாது. நான் கம்பியைத் தொடாமல் நிமிர்ந்தேன்.

அன்று மதியம்தான் அந்தக் கதையைச் சொன்னாள். ஏழாம் வகுப்பில் பள்ளி ஆண்டு விழாவில் பாடி ஓர் எவர்சில்வர் கிண்ணம் பரிசு வாங்கியிருக்கிறாள். மறுநாள் சந்தையில் யாரோ அவளுடைய அண்ணனிடம், "உன்ற தங்கச்சி மைக்குல நல்லாப் பாடுச்சாமா" என்று சொல்லியிருக்கிறார்கள். தந்தை இல்லாத குடும்பத்தில் இருபது வயதிலேயே பொறுப்பை ஏற்றவர் அண்ணன். அவர் காதில் அது பாராட்டாக விழவில்லை. அத்தோடு பாட்டு நின்றது. கிண்ணம் கோழிக்குத் தண்ணீர் வைக்கப் போயிற்று.

"எனக்கு வேற ஒண்ணும் வேண்டாமுங்க. எங்கூர்ல அந்தக் கொழா ஸ்பீக்கர்ல ஒருக்கா என்ற குரலு வரோணும். அண்ணன் காதுல உழுகோணும். உழுந்தும் அவருக்குத் தெரியப்படாது."

இதைச் சொன்னபோது அவள் முகத்தில் துயரம் இருந்ததாக எழுதினால் இந்தக் கட்டுரைக்குப் பொருத்தமாக இருக்கும். ஆனால் இருந்தது களவுக்குத் திட்டமிடுகிறவளின் ஒளி.

வாய்ப்பு வைகாசியில் வந்தது. ராசிபுரம் சாலையில், அவளுடைய ஊரில், அந்த அண்ணன், அதாவது என் மச்சான், தன் கோழிப்பண்ணைக்குப் பக்கத்திலேயே புது வீடு கட்டிக் குடிபுகுந்தார். ஊர் அதை முட்டை வீடு என்றே அழைத்தது. வேப்பமரத்தில் இரண்டு குழாய் ஸ்பீக்கர்கள் கட்டியாயிற்று. மைக்செட்காரருக்கு அதே காலையில் பக்கத்து ஊரில் ஒரு காதுகுத்து. "புரபசர் மாப்ள பாத்துக்கறேங்கறாருங்க" என்று மச்சானிடம் சொல்லிவிட்டு, ஆம்ப்ளிஃபையரையும் மைக்கையும் கோழித்தீவன மூட்டைகள் அடுக்கியிருந்த பின்னறையில் வைத்து, அவர் சைக்கிளில் பறந்துவிட்டார். நான் அப்படிச் சொன்னது உண்மைதான். சொல்லவைத்தவள் யார் என்று எழுத வேண்டியதில்லை.

ஏற்பாடு எளிமையானது. வாக்மேனின் ஒரு துளையிலிருந்து என் அரைகுறை வயர் ஆம்ப்ளிஃபையருக்குப் போகும். ஊருக்கு வாத்தியம் மட்டும் கேட்கும். இன்னொரு துளையில் செருகிய காதுக்குழாய் என் மனைவியின் தலையில் இருக்கும்; அவளுக்கு முழுப் பாட்டும் கேட்கும். அவள் அதைக் கேட்டபடியே மைக்கில் பாடுவாள். ஊர் அதைக் கேசட்டு என்று நம்பும்.

இரண்டு இடைஞ்சல்கள் அங்கே போனபின்தான் தெரிந்தன. ஆம்ப்ளிஃபையரின் துளைகள் ரேடியோவின் துளைகளைவிடப் பெரியவை, தீக்குச்சி நிற்கவில்லை. ஆகவே இரண்டு கம்பிகளையும் நானே விரல்களால் அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். மூன்றாவது கம்பி அவற்றில் உரசாதபடி கட்டைவிரலால் ஒதுக்கிவைக்க வேண்டும். உரசினால் கேசட்டின் பாடகி உயிர்பெற்று வந்துவிடுவாள். இன்னொன்று, புது வீட்டில் அந்த அறைக்குத் தச்சர் இன்னும் தாழ்ப்பாள் வைக்கவில்லை. ஆகவே ஆம்ப்ளிஃபையரைக் கையெட்டும் தூரத்துக்கு இழுத்துவைத்துவிட்டு, நான் கதவில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டே கம்பிகளையும் பிடிக்க வேண்டும். இந்த நிலையில் மாணவர் எவரும் என்னைப் பார்க்கவில்லை என்பது ஆறுதல்.

அவள் மூட்டைகளுக்கிடையே சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். பட்டுச்சேலை, தலையில் மல்லிகை, அதன்மேல் காதுக்குழாய்.

"கையை ஆட்டிப்போடாதீங்க" என்றாள். பாட ஆரம்பித்தாள்.

முதல் பாட்டு முடிந்ததும் சன்னலுக்கு வெளியே பேச்சு கேட்டது. "கொழாயில சத்தம் சுத்தமா இருக்குதுங்க." "சிங்கப்பூரு டேப்பாமா. மாப்ள மாட்டியுட்டிருக்காரு." இரண்டாவது பாட்டின் நடுவில் என் மணிக்கட்டில் ஓர் எறும்பு ஏறியது. கட்டைவிரல் அரை நொடி நகர்ந்தது. கேசட்டின் பாடகி உள்ளே பாய்ந்து இரண்டு சொல் பாடிவிட்டு மறைந்தாள்.

"என்றா இது, ரெண்டு பொம்பளைங்க பாடறாப்புல இருக்குது?"

"ஒருத்திக்கு மூச்சு வாங்குனா இன்னொருத்தி புடிச்சுக்குவா. கம்முனு கேளு."

எல்லாம் கூடிவந்தது. ஆனால் நானோ அவளோ கணக்கில் எடுக்காத ஒன்று இருந்தது. அந்த வீட்டில் விருந்து என்றால் வீட்டு மாப்பிள்ளை முதல் பந்தியில் உட்கார வேண்டும். அவர் உட்காராமல் சோறு விழாது. ஒன்பது ஆண்டுகளாக அந்த மரியாதையை நான் கூச்சத்தோடு ஏற்றுவந்தவன். அன்று அது என் நினைவிலேயே இல்லை. மூன்றாவது பாட்டில் கதவு தட்டப்பட்டது.

"மாப்ள! எலை போட்டாச்சுங்க. வாங்க."

மச்சானின் குரல்.

"நீங்க ஆரம்பியுங்க மச்சான். நான் வந்துடறேன்" என்றேன்.

"அதெப்படிங்க? நீங்க உக்காராம ஆரும் கை நனைக்க மாட்டாங்க. பெரியவீங்க எல்லாம் உக்காந்துட்டு உங்களைத்தான் பாத்துட்டிருக்கறாங்க."

"கம்பியைப் பிடிச்சிட்டிருக்கேன். விட்டா பாட்டு நின்னுடும்."

"நின்னாப் போவுது. பாட்டா சோறு போடுது?"

சொல்லிக்கொண்டே கதவைத் தள்ளினார். நான் முதுகால் எதிர்த்தேன். நாள்தோறும் தீவன மூட்டை தூக்குகிற தோளுக்கும் நாள்தோறும் சுண்ணாம்புக்கட்டி தூக்குகிற தோளுக்கும் இடையே போட்டி நெடுநேரம் நீடிக்கவில்லை. கதவு திறந்தது, நான் முன்னால் தடுமாறினேன், இரண்டு கம்பிகளும் கையோடு வந்துவிட்டன.

வாத்தியங்கள் நின்றன. பாட்டு நிற்கவில்லை.

அவள் காதில் எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தது: வயலின், தபேலா, எல்லாம். வெளியே எதுவும் இல்லை என்பது அவளுக்குத் தெரியாது. கண்ணை மூடி, சுவரைப் பார்த்து, அவள் பாட்டுக்குப் பாடிக்கொண்டிருந்தாள். தனிக்குரல். வேப்பமரத்திலிருந்து பண்ணைக்கும், பண்ணை தாண்டிக் கடலைக்காட்டுக்கும் அது போயிற்று. வெளியே பேச்சு அடங்கியது. பாத்திரச் சத்தம்கூட நின்றது.

மச்சான் அவள் முதுகைப் பார்த்தார். மைக்கைப் பார்த்தார். என் கையிலிருந்த கம்பிகளைப் பார்த்தார். இரண்டு எட்டு வைத்து ஆம்ப்ளிஃபையரிடம் போய்க் குமிழில் கை வைத்தார். நிறுத்தப்போகிறார் என்று நினைத்தேன். தடுக்கவேண்டும் என்றும் நினைத்தேன். தடுக்கவில்லை. என் வாழ்க்கையில் நான் செய்யாமல் விட்டவற்றின் பட்டியலில் அதுவும் இருக்கிறது.

அவர் குமிழைத் திருகினார். சத்தம் கூடியது.

எந்தப் பக்கம் திருகினால் குறையும் என்று தெரியாமல் செய்தாரா என்பதை நான் அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. பாட்டு முடியும்வரை கையைக் குமிழிலேயே வைத்திருந்தார். முடிந்ததும் அவள் திரும்புவதற்குள் என் முழங்கையைப் பிடித்து வெளியே இழுத்து, கதவைச் சாத்தினார்.

"வாங்க மாப்ள. எலை காயுது."

பந்தியில் ஒரு பெரியவர் கேட்டார்: "ஏனப்பா, மேளமே இல்லாமப் பாடுதே, அது என்ன கேசட்டு?"

"புதுசுங்க. சிங்கப்பூருல இப்ப அப்புடித்தானாமா" என்றார் மச்சான். என் இலையில் அவரே கையால் நெய் ஊற்றினார்; நான் போதும் என்று சொன்ன பிறகும் ஊற்றினார்.

அடுத்த பந்திக்கு என் மனைவி ஒன்றும் அறியாத முகத்தோடு வந்தாள். "கேசட்டு எப்புடிங்கண்ணா இருந்துச்சு?" என்று அவரிடம் கேட்கவும் செய்தாள்.

"பரவால்ல அம்மிணி. மூணாவது பாட்டுல புள்ளைக்குக் கொஞ்சம் மூச்சு வாங்குது."

வீடு திரும்பும் பேருந்தில் நடந்ததை அவளிடம் சொல்லிவிட்டேன். அண்ணனுக்குத் தெரிந்துவிட்டது என்பதைப் பற்றி அவள் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. "எங்கீங்க மூச்சு வாங்குச்சு? எந்த எடத்துலீங்க?" என்று நாமக்கல் வரும்வரை கேட்டுக்கொண்டே வந்தாள். அடுத்த மாதம் முழுவதும் அந்த மூன்றாவது பாட்டைத் தவிர எங்கள் வீட்டில் வேறு எதுவும் ஒலிக்கவில்லை.

பிறகு மச்சான் வீட்டில் எந்த விசேஷம் என்றாலும் ஆள் மூலம் எனக்குச் சொல்லியனுப்புவார்: "அந்தக் கேசட்டை மறக்காமக் கொண்டாந்துருங்க." தங்கையிடம் நேரில் சொன்னதே இல்லை. நானும் வயரைத் திருத்தவில்லை. கல்லூரிக்கு முதல் கணிப்பொறி வந்து அதைத் தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைக்க என்னை அழைத்தபோது, அதற்கு இரண்டே கம்பிகள் என்பதால் மானம் தப்பியது.

இந்த மாசி மாதம் மச்சான் வந்திருந்தார். காரியங்கள் முடிந்து ஆட்கள் வருவது நின்றிருந்த நேரம். எண்பதைத் தாண்டியவர், பேரன் காரில் இறக்கிவிட்டுப் போனான். காப்பி போட்டுக் கொடுத்தேன். சர்க்கரை போட மறந்திருந்தேன். அவர் அப்படியே குடித்து முடித்தார். பிறகு கேட்டார்:

"அந்தக் கேசட்டு இருக்குதுங்களா மாப்ள?"

இருந்தது. வாக்மேனும் ஓடியது. வால்வு ரேடியோ எப்போதோ போய்விட்டது. மகள் வாங்கித்தந்த ஸ்பீக்கரில் பழைய வயரை மாட்டினேன். வயலின் வந்தது. தபேலா வந்தது. புல்லாங்குழல் வளைந்து, அதன் இடத்தில் நின்று, வழிவிட்டது. தொலைவில் எதிரொலி போல் ஏதோ மிதந்தது. வாத்தியங்கள் காத்திருந்து, காத்திருந்து, அடுத்த அடிக்குப் போயின. நாங்கள் இருவரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மூன்றாவது பாட்டு வந்தபோது அவர் தலையை நிமிர்த்தி, தொங்கிக்கொண்டிருந்த மூன்றாவது கம்பியைக் காட்டினார்.

"அதையும் மாட்டுனா என்னாகுமுங்க?"

"வேற ஒரு பொண்ணு பாடுவா."

காட்டிய விரலை மடக்கிக்கொண்டார்.

"அப்ப வேண்டாமுங்க" என்றார். "சத்தத்தை மட்டும் கொஞ்சம் கூட்டுங்க."