நசீமா வீட்டு மசூறா

காலை ஏழே காலுக்கு மட்டக்களப்பில் கல்முனை பஸ் புறப்பட்டது. தூரம் நாற்பது கிலோமீற்றர். ஜன்னலோரம் இடம் கிடைத்தும் நான் வெளியே பார்க்கவில்லை. சாய்ந்தமருதில் போய்ச் சொல்லவேண்டிய நியாயங்களை மனதுக்குள் அடுக்கிக்கொண்டிருந்தேன்.

ஆசிரியர் கலாசாலை நாட்களில் என் அறைத்தோழி நசீமா. கணவரை இழந்து ஐந்து வருடம். பாலமுனையில் தோணி வைத்திருக்கும் ஒருவர் இப்போது அவளைக் கலியாணத்துக்குக் கேட்டிருக்கிறார். மகள் சம்மதித்துவிட்டாள். நசீமாவின் காக்கா, அதாவது அண்ணன், ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அதற்குத்தான் மசூறா. வேண்டியவர்களைக் கூப்பிட்டு ஒவ்வொருவரிடமும் யோசனை கேட்பது அவர்கள் வழக்கம். வாயாடி என்று பெயரெடுத்த என்னையும் கூப்பிட்டதில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

களுவாஞ்சிகுடியில் ஏறி என்னருகே உட்கார்ந்த அம்மாவிடம், பெயரை மறைத்து விஷயத்தைக் கொட்டிவிட்டேன்.

"செய்யச் சொல்லுங்க புள்ள. தனியக் கிடந்து என்னத்தக் கண்ட?" என்றார். பெரியநீலாவணை வருவதற்குள் முன்சீட்டுக்காரரும் திரும்பி ஒரு கருத்துச் சொன்னார்.

கல்முனையில் இறங்கிச் சாய்ந்தமருதுக்கு ஓட்டோ பிடித்தேன். ஒன்பது மணிக்கு நசீமா வீட்டில் இஞ்சித் தேநீர். காக்கா, அவருடைய மனைவி, நசீமா, நான். பகல் சாப்பாடு வரை தோணியையும் அந்த மனிதருடைய வயதையும் பற்றியே சுற்றிச் சுற்றிக் கதைத்தோம். எனக்குப் பொறுமை போய்விட்டது.

"காக்கா, உங்களுக்கு ஆளில குறையா, வீட்டிலயா?"

இந்தக் கரையில் மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்கு வருவார். அந்த வீடோ நாளைக்கு நசீமாவின் மகளுக்குச் சீதனமாகப் போகவேண்டியது.

காக்கா தலையைச் சொறிந்தார். "ஆளில ஒரு குறையுமில்ல தங்கச்சி. புள்ளைக்கு ஊடு இல்லாமப் பெய்த்திடுமோ எண்டுதான்."

"அதுக்கா இவ்வளவு நாளும் முகத்தத் தூக்கி வெச்சிருந்தீங்க?" என்றாள் நசீமா. "ஊட்ட மகள்ர பேருக்கு எழுதிட்டுத்தான் நிகாஹ் எண்டு அவரே செல்லிட்டாரே!"

மாதக்கணக்காகக் கிடந்த முடிச்சு ஒரு கேள்வியில் அவிழ்ந்தது. எனக்கு ஒரே பெருமை. காக்காவும் சிரித்தார். பிறகு நசீமாவிடம் மெதுவாகக் கேட்டார்: "அப்ப... உனக்கு விருப்பமா?"

அதுவரை அதை யாரும் கேட்கவில்லை. நானும்தான். உடனே அண்ணி வாயெடுத்தார். நானும், "என்னைக் கேட்டா..." என்று தொடங்கினேன். நசீமா என் கையைப் பிடித்தாள்.

"இனி நீங்க செல்லி எனக்கு விளங்கப் போறல்ல. அந்த அறைக்குள்ள மகள்ர வாப்பா இல்லாதது எனக்கு மட்டும்தானே தெரியும். நான் அல்லாஹ்க்கிட்டக் கேக்கப் போறன்."

வழிகாட்டக் கேட்டுத் தொழும் இஸ்திகாரா அது. கதவு சாத்தப்பட்டது. வாயாடிகள் மூவரும் ஊமையாக உட்கார்ந்திருந்தோம். உள்ளே அவள் விம்மும் சத்தம் கேட்டது. எனக்கும் அழுகை வந்துவிட்டது.

பின்னேரம் நாலரைக்கு என்னை மெயின்றோட்டில் விட வந்தாள். முடிவென்ன என்ற கேள்வி நாக்குநுனி வரை வந்தது. கேட்கவில்லை. பஸ் மருதமுனை தாண்டும்போது என் கலியாணம் நினைவுக்கு வந்தது. எங்கள் வீட்டிலும் கூடிக் கதைத்துத்தான் முடித்தார்கள். மனுஷன் நல்லவர், குறை சொல்லமாட்டேன். ஆனால் கதவைச் சாத்திக்கொண்டு யோசிக்க எனக்கு ஒருவரும் ஒரு பொழுது தரவில்லை.

அடுத்த கிழமை நசீமாவின் அழைப்பு வந்தது.

"வசந்தி, வெள்ளிக்கிழம நிகாஹ். நேரத்தோட வா. கருத்துகள ஊட்ட வெச்சிட்டு வா."